பத்துப் பேர் கூடினால்

மார்கழி மாதத்து விடியற்காலையைக் கீழ்பென்னாத்தூரில் கழிக்கும் பாக்கியம் சென்ற வாரம் நமக்குக் கிட்டியது. தென்மேற்கே பனிப் படலத்துக்கு நடுவில் அண்ணாமலை ஒரு பெரிய நிழலைப் போலத் தெரிந்தது. வாசல்தோறும் கோலம், கோலத்தின் நடுவே பரங்கிப் பூ. குளிருக்குத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, நண்பருடன் பஜனை மடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

மடத்தில் விளக்கு எரிந்தது. ஆர்மோனியம் இருந்தது, மிருதங்கம் இருந்தது, ஒரு ஜோடி ஜாலராவும் இருந்தது. ஆனால் மனிதர்கள்? எங்களையும் சேர்த்து எண்ணினால் நாலு பேர்!

மடத்தை நடத்துகிற பெரியவர் எங்களைப் பார்த்து வருத்தத்துடன் சிரித்தார். "தம்பி! பஜனைக்கு நாலு பேர், பொங்கலுக்கு நாற்பது பேர். இதுதான் நம்ம ஊர்க் கணக்கு. எங்க அப்பா காலத்திலே இந்தத் திண்ணை கொள்ளாது. நாலு பேரை வைத்துக்கொண்டு பாடினால் சுவாமி காதில் விழுமா என்றுகூட இப்போதெல்லாம் சந்தேகம் வந்துவிடுகிறது" என்றார்.

"சுவாமி காதில் ஒருவர் பாடினாலும் விழும், ஐயா! ஆனால் பத்துப் பேர் கூடாவிட்டால் சபைப் பிரார்த்தனையே கூடாது என்று விதி வைத்திருக்கும் ஒரு மதம் இருக்கிறது. அந்த மதத்தார் நம் தேசத்திலேயே ஆயிரம் வருஷத்துக்குக் குறையாமல் வாழ்ந்திருக்கிறார்கள்" என்றோம். பெரியவர் ஜாலராவைக் கீழே வைத்துவிட்டார். அன்று பஜனை முடிந்த பிறகு அவருக்குச் சொன்ன விஷயங்களையே இந்த வாரம் நேயர்களுக்கும் சொல்லலாம் என்று எண்ணுகிறோம்.

யூதர்களைப் பற்றித்தான் சொல்கிறோம். கி.பி. 70-ஆம் ஆண்டில் ரோமாபுரிப் படைகள் ஜெருசலேம் நகரிலிருந்த அவர்களுடைய பெருங்கோயிலை இடித்துத் தள்ளின. அதற்குப் பிறகு அவர்களுக்குப் பலி பீடம் இல்லை, கர்ப்பக்கிருகம் இல்லை. உலகமெங்கும் சிதறிப் போன ஜனங்கள், போன இடத்திலெல்லாம் ஜெப ஆலயம் ஒன்றை அமைத்துக் கொண்டார்கள். அதை அமைப்பதற்குக் குருமார் யாரும் வந்து பிரதிஷ்டை செய்ய வேண்டியதில்லை. தோலில் கையால் எழுதிய வேதச் சுருள் ஒன்று வேண்டும். பதின்மூன்று வயது நிரம்பிய ஆண்மக்கள் பத்துப் பேர் வேண்டும். பரம்பரை வழக்கம் அதுதான். இக்காலத்தில் சில பிரிவினர் பெண்களையும் அந்தக் கணக்கில் சேர்க்கிறார்கள். பத்தாவது மனிதன் வாசற்படியில் கால் வைத்ததும் அங்கே ஒரு சபை பிறந்துவிடுகிறது. கல்லும் சுண்ணாம்பும் பிறகு வரலாம். ஒன்பது பேர் கூடி, பத்தாமவனுக்காகத் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பதென்பது யூதர் வாழ்க்கையில் இன்றுவரையில் சர்வ சாதாரணமான காட்சி.

இப்படிப்பட்ட சபை ஒன்று நம் பக்கத்தில் எப்பொழுது ஏற்பட்டது?

இதற்கு விடை ஒரு செப்பேட்டில் இருக்கிறது. சங்கப் புலவர்கள் பாடிய முசிறியை நேயர்கள் அறிவார்கள். மிளகை ஏற்றிப் போக யவனர் கப்பல்கள் வந்து நின்ற துறைமுகம் அது. அங்கே ஏறத்தாழக் கி.பி. 1000-ஆம் ஆண்டில் பாஸ்கர ரவி என்ற சேர மன்னன் ஆட்சி புரிந்தான். அவன் இசுப்பு இரப்பான் என்ற யூத வணிகத் தலைவனுக்கு ஒரு சாஸனம் அளித்தான். எபிரேய மொழியில் ஜோசப் ரப்பான் என்று வழங்கும் பெயரே நம் நாட்டு நாக்கில் இப்படி மாறியிருக்கிறது. சாஸனம் வட்டெழுத்தில் எழுதப்பட்டது. அதன் பாஷை மலையாளத்தின் முற்பட்ட உருவமாதலால், தமிழ் அறிந்தவர்கள் சற்று முயன்றால் பெரும்பகுதியைப் புரிந்துகொள்ள முடியும்.

அதில் இரப்பானுக்கு அஞ்சுவண்ணம் கொடுக்கப்பட்டது. எழுபத்திரண்டு விடுபேறுகளும் கொடுக்கப்பட்டன. அஞ்சுவண்ணம் என்பது மேற்கே கடல் கடந்து வந்த வணிகர்களின் சங்கம். கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டிலும் இந்தப் பெயர் காணப்படுகிறது. அது கி.பி. 849-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன் சாட்சிக் கையெழுத்துக்களில் சில எபிரேய எழுத்திலேயே இருக்கின்றன! ஆகவே, இரப்பானுக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பாகவே யூதர்கள் இக்கரையில் கௌரவமாக வியாபாரம் செய்து, சாட்சிக் கையெழுத்துப் போடும் அளவுக்கு நம்பிக்கை பெற்றிருந்தார்கள் என்பது தெளிவு. கோயில் இடிந்தவுடனேயே தங்கள் முன்னோர் கப்பலேறி வந்துவிட்டதாக அவர்கள் கர்ண பரம்பரையாகச் சொல்லிக் கொள்வதும் உண்டு.

எழுபத்திரண்டு விடுபேறுகளும் எவை என்று கேட்பீர்கள். பகலிலேயே விளக்குப் பிடித்துவரச் செய்யும் உரிமை. நடந்து போக நிலத்தில் பாவாடை விரிக்கும் உரிமை. பல்லக்கு, குடை, பறை, காகளம், தோரணம் ஆகியவற்றுக்கு உரிமை. அதோடு மற்றக் குடிகள் அரண்மனைக்குச் செலுத்தும் வரியிலிருந்து விலக்கும் கிடைத்தது. உலகும் சந்திரனும் உள்ளவரையில் இரப்பானுடைய சந்ததியார் இவற்றை அனுபவிக்கலாம். வேணாடு, ஏறநாடு, வள்ளுவநாடு முதலிய நாடுகளின் தலைவர்கள் இதற்குச் சாட்சி நின்றார்கள்.

பகல்விளக்கு என்றதும் பெரியவர், "எங்க ஊர் உற்சவத்திலே தீவட்டி பிடிக்கிறாற்போல" என்றார். அதேதான். சுவாமிக்கும் அரசனுக்கும் செய்யும் மரியாதையைக் கடல் கடந்து வந்த ஒரு வணிகனுக்குச் சேரன் செய்து கொடுத்தான்.

பிறகு காலம் மாறிற்று. 1341-ஆம் ஆண்டில் பெரியாற்றில் பெருவெள்ளம் வந்தது. கொடுங்கல்லூர்த் துறை மணல் மேடிட்டுப் போக, கொச்சியில் புதிய துறைமுகம் திறந்தது. யூதர்கள் மெள்ள மெள்ளத் தெற்கே நகர்ந்தார்கள். கொச்சங்காடி என்ற இடத்தில் 1344-இல் அவர்கள் கட்டிய ஜெப ஆலயத்தின் கல்வெட்டுப் பலகை இப்போதும் இருக்கிறது.

இதற்கிடையில் மேற்கே ஒரு கொடுமை நிகழ்ந்தது. 1492-ஆம் வருஷத்தில் ஸ்பெயின் தேசத்து அரசனும் அரசியும் யூதர்கள் யாவரும் மதம் மாற வேண்டும் அல்லது தேசத்தை விட்டு ஓட வேண்டும் என்று கட்டளையிட்டார்கள். ஐந்து வருஷத்துக்குள் போர்ச்சுகலிலும் அதே கதி. அங்கிருந்து ஓடினவர்களில் சிலர் துருக்கிக்குப் போனார்கள். சிலர் ஹாலந்துக்குப் போனார்கள். ஒரு சிலர் கொச்சிக்கு வந்து சேர்ந்தார்கள். கொச்சியிலோ போர்ச்சுகீசியர் ஏற்கெனவே கோட்டை கட்டியிருந்தார்கள்! கோவாவில் 1560-ஆம் ஆண்டிலிருந்து மத விசாரணை மன்றம் நடந்துகொண்டிருந்தது. புலிக்குப் பயந்து ஓடி வந்தவன் புலியின் குகை வாசலிலேயே குடிசை போட்ட கதையாக இருக்கிறதல்லவா?

இந்தச் சமயத்தில்தான் கொச்சி ராஜா செய்த காரியம் நினைவில் வைக்கத் தக்கது. மட்டாஞ்சேரியில் தம்முடைய அரண்மனையை ஒட்டினாற்போல் அவர்களுக்கு நிலம் கொடுத்தார். 1568-இல் அங்கே பரதேசி சினகாக் எழுந்தது. அரண்மனைக் கோயிலுக்கும் யூதர்களின் ஜெப ஆலயத்துக்கும் நடுவே ஒரு மதில்தான். ஒரு பக்கத்தில் சங்கு ஊதினால் மறு பக்கத்தில் கேட்கும்; மறு பக்கத்தில் ஆட்டுக் கொம்பு ஊதினால் இந்தப் பக்கத்தில் கேட்கும். 1662-இல், டச்சுக்காரருக்கு அனுகூலமாயிருந்தார்கள் என்று போர்ச்சுகீசியர் அந்த ஆலயத்துக்குத் தீ வைத்தார்கள். மறு வருஷமே டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றவே, ஆலயம் மீண்டும் எழுந்தது. டச்சுக் கம்பெனியின் பெரிய வர்த்தகராயிருந்த எஸக்கியேல் ரஹபி 1760-இல் மணிக்கூண்டைக் கட்டினார். சீனத்துக் காண்டன் நகரிலிருந்து நீல வர்ணம் தீட்டிய வெள்ளை ஓடுகளை வரவழைத்துத் தரையில் பதித்தார். கடிகாரத்தின் ஒரு முகத்தில் ரோமன் எண்கள். ஒன்றில் எபிரேய எண்கள். அரண்மனையைப் பார்த்த முகத்தில் மலையாள எண்கள். யாருக்கு எந்தக் கணக்கு தெரியுமோ அதில் மணி பார்த்துக் கொள்ளலாம்!

உள்ளே போகிறவர்கள் பாதரட்சையைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும். ஐரோப்பாவில் யூதர்களுக்கு இந்த வழக்கம் கிடையாது. நம் கோயில்களைப் பார்த்து அவர்கள் மேற்கொண்டது போலும். அவர்கள் வீட்டுப் பெண்கள் கல்யாணத்திலும் பண்டிகையிலும் மலையாளத்திலேயே பாட்டுப் பாடினார்கள். அந்தப் பாட்டுக்களை நோட்டுப் புஸ்தகங்களில் எழுதித் தாய் மகளுக்குக் கொடுத்து வந்தார்கள்.

இப்போது கொஞ்சம் கடல் தாண்டி அமெரிக்காவுக்குப் போய் வருவோம். 1654-ஆம் வருஷத்தில் பிரேஸில் தேசத்து ரெஸிபே நகரைப் போர்ச்சுகீசியர் டச்சுக்காரரிடமிருந்து பிடித்தபோது, அங்கிருந்து ஓடிய யூதர்களில் இருபத்து மூன்று பேர் பின்னால் நியூயார்க் என்று பெயர் பெற்ற ஊரில் வந்து இறங்கினார்கள். கொச்சிக்கு வந்தவர்களுக்கும் இவர்களுக்கும் ஓடிய காரணம் ஒன்றே. ஆனால் இறங்கிய இடத்து வரவேற்பு வேறு. அவ்வூர்க் கவர்னராயிருந்த ஸ்டைவஸெண்ட் அவர்களை வெளியேற்ற வேண்டும் என்று ஹாலந்திலிருந்த கம்பெனிக்கு எழுதினார். கம்பெனி இணங்காததால்தான் அவர்கள் தங்க முடிந்தது. வட அமெரிக்காவின் முதல் யூத சபை இவ்வாறு பிறந்தது. அவர்களுக்கு ஒரு சொந்த ஜெப ஆலயம் கட்டிக்கொள்ள 1730 வரையில் ஆயிற்று. கொச்சியில் சொந்த ஆலயம் கட்டி அப்போது நூற்றறுபது வருஷங்கள் கடந்திருந்தன.

சென்னைப் பட்டணத்துக்கும் இக்கதையில் ஒரு பங்கு உண்டு. ஜார்ஜ் டவுனில் பவளக்காரத் தெரு என்று ஒன்று இருக்கிறதே, அங்கே பவளம் விற்றவர்களில் பதினேழாம் நூற்றாண்டு யூதர்கள் பிரசித்தமானவர்கள். இத்தாலி தேசத்துக் கடலில் எடுத்த பவளத்தைக் கொண்டுவந்து கொடுத்து, கோல்கொண்டா வைரத்தை வாங்கிப் போவது அவர்கள் தொழில். அவர்களில் ஜாக் டி பைவா என்பவர் வைரச் சுரங்கங்களைத் தேடிப் போய் வந்து 1687-இல் சென்னையில் காலமானார். மறு வருஷம், 1688-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-இல், சென்னை நகர சபை திறக்கப்பட்டபோது அதன் முதல் அங்கத்தினர் பட்டியலில் இந்துக்களோடும் ஆங்கிலேயரோடும் யூத வணிகர்களும் இருந்தார்கள். வைர வியாபாரம் வேறு வழியில் திரும்பியதும் சென்னையில் அந்தச் சமூகம் தேய்ந்துவிட்டது. எபிரேய எழுத்துப் பொறித்த சில கல்லறைகள் இடம் பெயர்க்கப்பட்டு, லாயிட்ஸ் ரோடில் இருக்கின்றன. பவளக்காரத் தெரு என்ற பெயர் மட்டும் நிலைத்தது.

இவ்வளவும் கேட்ட பெரியவருக்கு முகம் மலர்ந்தது. "நம்ம தேசம் என்றால் தேசம்தான், தம்பி! வந்தவனை வாழ வைத்த பூமி!" என்றார்.

உண்மைதான். ஆயினும் கதையை இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் பாதிக் கதைதான் சொன்னதாகும். மற்றப் பாதி அவ்வளவு மகிழ்ச்சி தருவதன்று.

கொச்சி நாட்டில் யூதர்களுக்கு எட்டு ஜெப ஆலயங்கள் இருந்தன. பழங்குடி மலபார் யூதர்கள் ஏழு ஆலயங்களில் தொழுதார்கள். பின்னால் வந்த பரதேசி யூதர்களோ தங்களை வெள்ளையர் என்றும், முன்பே இருந்தவர்களைக் கறுப்பர் என்றும் சொல்லிக்கொண்டு, பெண் கொடுக்காமலும் எடுக்காமலும் ஒதுங்கி நின்றார்கள். அடிமைத்தளையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் என்று சொல்லப்பட்ட மூன்றாவது பிரிவினர் பரதேசி ஆலயத்துக்கே வந்தார்கள். ஆனால் அவர்கள் உள்ளே பெஞ்சியில் உட்காரக் கூடாது. வாசல் அறையில் தரையில் உட்கார வேண்டும். வேதச் சுருளை ஓத அவர்களை அழைப்பதில்லை. துரத்தப்பட்டு வந்தவர்களே தம் வாசலில் இன்னொருவரைத் துரத்துகிறவர்களாக ஆனார்கள். இந்தப் பழக்கத்தை அவர்கள் எங்கே கற்றுக் கொண்டார்கள்? பாதரட்சையைக் கழற்றுவதை யாரிடம் கற்றார்களோ, அவர்களிடந்தான் இதையும் கற்றார்கள் என்று சொன்னால் நமக்குச் சுருக்கென்று தைக்கிறது. தைக்கத்தான் வேண்டும்.

இந்த அநீதியை எதிர்த்து நின்றவர் ஏ. பி. ஸேலம். 1882-இல் பிறந்தவர். வாசல் அறையில் உட்கார வைக்கப்பட்ட அந்தப் பிரிவிலிருந்து வந்தவர். எர்ணாகுளத்திலும் சென்னையிலும் படித்து, தம் பிரிவிலேயே முதன் முதலாகப் பட்டம் பெற்று வக்கீலானார். கொச்சிச் சட்டசபையில் அங்கத்தினராயிருந்தார். பூரண சுதந்திரத் தீர்மானம் நிறைவேறிய 1929-ஆம் வருஷத்து லாகூர்க் காங்கிரஸுக்குப் போய் வந்தார். மகாத்மா காந்தி தேசத்துக்குக் கற்பித்த சத்தியாக்கிரகத்தை ஸேலம் தம்முடைய சொந்த ஜெப ஆலயத்திலேயே பிரயோகித்தார். சில காலம் ஆலயத்துக்குப் போகாமல் பகிஷ்கரித்தார். சில காலம் போய் உட்கார்ந்து போராடினார். யார்மேலும் கை ஓங்கவில்லை. தடைகள் ஒரே நாளில் விழவில்லை, ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. ஜனங்கள் அவரை யூத காந்தி என்றே அழைத்தார்கள்.

அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். 1924-இல் வைக்கம், 1936-இல் திருவிதாங்கூர் ஆலயப் பிரவேசப் பிரகடனம், 1939-இல் மதுரை மீனாட்சி சந்நிதியில் வைத்தியநாதய்யர் நடத்திய ஆலயப் பிரவேசம். மதிலுக்கு இந்தப் பக்கத்தில் நடந்த அதே போராட்டம் மதிலுக்கு அந்தப் பக்கத்திலும் நடந்தது.

அமெரிக்காவில் நியூபோர்ட் என்ற சிற்றூரில் 1763-இல் கட்டிய ஜெப ஆலயம் ஒன்று இன்றும் இருக்கிறது. அவ்வூர்ச் சபையாருக்கு 1790-இல் ஜனாதிபதி வாஷிங்டன் ஒரு கடிதம் எழுதினார். மத சுதந்திரம் என்பது ஒரு சாரார் தயவு பண்ணி இன்னொரு சாராருக்குக் கொடுப்பதன்று, அது மனிதனுடைய பிறப்புரிமை என்பது அக்கடிதத்தின் கருத்து. எழுதியவர் வீட்டிலேயே அடிமைகள் இருந்தார்கள் என்பதையும் மறப்பதற்கில்லை. சேரன் கொடுத்தது சலுகை. வாஷிங்டன் சொன்னது உரிமை. அந்த உரிமையை வாசல் அறையில் உட்கார்ந்திருந்தவனுக்கும் கேட்டு வாங்கியவர் ஸேலம். மூன்றும் ஒன்றல்ல.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறோம். 1948-இல் இஸ்ரேல் தேசம் ஏற்பட்டது. கொச்சி யூதர்கள் அப்போது இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் இருந்தார்கள். 1950-க்குப் பிந்திய சில வருஷங்களுக்குள் அவர்களில் பெரும்பாலோர் கப்பலேறிவிட்டார்கள். யாரும் அவர்களைத் துரத்தவில்லை. இரண்டாயிரம் வருஷத்துப் பிரார்த்தனை பலித்தது என்று எண்ணிப் போனார்கள். 1968-இல் பரதேசி ஆலயத்தின் நானூறாவது ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்தார். தபால் தலை வெளியிடப்பட்டது. ஆனால் விழா நடந்த தெருவில் ஒவ்வொரு வீடாகக் கதவு சாத்திக் கொண்டிருந்தது. மட்டாஞ்சேரிக் கடவும்பாகம் ஆலயத்தின் மரச் சிற்ப வேலைப்பாடு முழுவதும் ஜெருசலேம் பொருட்காட்சிச் சாலைக்குப் போய்விட்டது. சேந்தமங்கலத்திலும் பறவூரிலும் இருந்த ஆலயங்கள் செப்பனிடப்பட்டுப் பொருட்காட்சிச் சாலைகளாயின. பரதேசி ஆலயத்தில் விளக்குகள் இருக்கின்றன. நீல ஓடுகள் இருக்கின்றன. இரப்பானின் செப்பேடும் அச்சபையாரின் பொக்கிஷமாக வந்திருக்கிறது. உள்ளூரில் பத்துப் பேர் மாத்திரம் இல்லை. வெளியூர் யாத்திரிகர்கள் வந்து எண்ணிக்கை நிரம்பினால் அன்று பிரார்த்தனை நடக்கும்.

கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. "கல்லும் ஓடும் இருந்து என்ன பண்ண? ஆள் வேணுமே!" என்றார் கடைசியில்.

மறுநாள் காலையிலும் நாங்கள் மடத்துக்குப் போனோம். அன்றைக்கு ஆறு பேர். பெரியவர் இரண்டு வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார் என்று தெரிந்தது. பால் ஊற்ற வருகிற பையன் ஒருவன் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு, வழக்கம்போல் வெளியே படிக்கட்டின் கீழ் நின்று பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தான். எத்தனை மார்கழியாக அவன் அங்கே நின்று கேட்கிறானோ! பெரியவர் பாட்டை நடுவில் நிறுத்தினார்.

"ஏண்டா, அங்கேயே நிக்கிறே? உள்ளே வா. இந்தா, ஜாலராவைப் பிடி" என்றார்.

பையன் தயங்கினான். செம்பைத் திண்ணையில் வைத்துவிட்டு, காலை அலம்பிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தான். தாளம் முதலில் கொஞ்சம் பிசகிற்று, பிறகு சரியாகிவிட்டது. ஏழு பேராகப் பாடினோம்.